மூங்கில் நட்டால் ஓயா திரும்புமா?

கான்வெட்டி:
எங்கள் தோட்டத்துக்குக் கீழே, மகாவலிக்கு நீர் கொடுக்கும் நானுஓயா ஆற்றில் போய்ச் சேரும் ஓடையைச் சீரமைக்க இளைஞர் மன்றம் திட்டம் எழுதியிருக்கிறது. கரையில் மூங்கில், குப்பை அகற்றல், மரக்கறித் தோட்டத்து மண் இறங்காமல் கற்கட்டு. எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தில் மட்டும், "மூன்று ஆண்டில் மீன் திரும்பும், கொட்டியாரக் குடாவில் இறாலும் பெருகும்" என்று இருக்கிறது. கொட்டியாரம் திருகோணமலைக் கடலோரத்தில் அல்லவா இருக்கிறது? எந்தத் துணிவில் எழுதினார்கள்?

மானாப்புல்:
எழுதியவர்களில் நானும் ஒருத்தி. பணம் தருபவர்கள் பலன் என்ன என்று கேட்கிறார்கள். மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரத்தில்தானே விழுகிறது? மேலே தெளிந்தால் கீழேயும் தெளியும்.

கான்வெட்டி:
நடுவில் மேல் கொத்மலை, கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே அணைகள் எல்லாம் எங்கே போயின, அக்கா? நம் மண்ணில் பெரும்பகுதி அந்த அணைகளிலேயே படுத்துவிடும். பொல்கொல்லவில் 1976 முதல் தண்ணீரிலும் ஒரு பங்கு வடக்கே திரும்புகிறது. நாம் நட்ட பத்து மூங்கிலைத் திருகோணமலை இறால் எப்படி அறியும்?

ஏழாம் லயம்:
இறாலை விடுங்கள், முன்கூட்டிச் சொல்வதே வீண் வேலை. அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை உடைத்தார்கள். பல ஆண்டுகள் கணக்குப் போட்டும், உள்ளே கிடந்த வண்டலின் அளவைப் பிறகு திருத்த வேண்டி வந்தது. கடைசியில் ஏறத்தாழ 2.1 கோடி கன மீட்டர் என்றார்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

கான்வெட்டி:
அளவுதான் தவறியது, ஐயா, திசை தவறவில்லை. அரிபட்டுக் கிடந்த கழிமுகத்தில் மணல் சேரும் என்றார்கள், சேர்ந்தது. மண்ணும் தண்ணீரும் எங்கே போகும் என்று ஓரளவு சொல்லலாம். உயிர்கள் விடயம்தான் வேறு. கல்லும் வளைவும் சேர்த்து ஆற்றுப் படுகையை மாற்றிய 78 திட்டங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. நீர்ப்பூச்சி வகைகள் தெளிவாகக் கூடியது இரண்டில் மட்டும்! வீட்டைக் கட்டிவிட்டோம், மருந்தடித்த தண்ணீர் மேலிருந்து வந்துகொண்டே இருந்தால் யார் குடிவருவார்கள்?

தேயிலைத்தூள்:
மீன் என்றால் எந்த மீன்? ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது. நிழல் விழுந்து தண்ணீர் குளிர்ந்தால் அதுதான் முதலில் கொழுக்கும். அதையும் வெற்றி என்று எழுதுவீர்களா?

மானாப்புல்:
அப்படியானால் ஒன்றுமே எழுதாமல் மூங்கிலை மட்டும் நடுவதா?

கான்வெட்டி:
எழுதுங்கள், பிறகு நழுவ முடியாதபடி எழுதுங்கள். புளோரிடாவில் கால்வாயாக நிமிர்த்திய கிசிம்மி ஆற்றை மீண்டும் வளையவிட்டபோது, 25 எதிர்பார்ப்புகளை அளவுகோலோடு 2005இல் வெளியிட்டார்கள். எது எவ்வளவு மாறினால் வெற்றி என்று அதில் இருக்கிறது.

ஏழாம் லயம்:
தம்பி, அதே நாட்டில் 37,000க்கு மேற்பட்ட ஆற்றுத் திட்டங்களின் பதிவுகளைப் புரட்டியபோது, அளந்து பார்த்ததாகக் குறிப்பு இருந்தது பத்தில் ஒன்றில்தான். இங்கே போன வருடம் நட்ட கன்றுகளை யார் எண்ணினார்கள்? ஆடு எண்ணியது.

மானாப்புல்:
சரி, திட்டத்திலிருந்து இறாலை அடித்துவிட்டேன். மீனையும். இப்போது இருக்கும் வரி: "இரண்டு தென்மேற்குப் பருவமழைக்குப் பின், பாலத்தடியில் சேறு மூடிய கூழாங்கல் வெளியே தெரியும்." ஞாயிறு காலை பாலத் தூணில் இன்றைய சேற்று மட்டத்துக்குப் பெயின்ட் கோடு போடுகிறோம். யார் வருகிறீர்கள்?

ஏழாம் லயம்:
நான் வருகிறேன். மேலே மரக்கறி போடுபவர்களிடம் பேசியாயிற்றா?

மானாப்புல்:
இன்னும் இல்லை.