ஜெஃப் கூப்பரின் எழுத்தும் கன்சைட் பள்ளியும்: இன்றைக்கு எதை எடுத்துக்கொள்வது?

செம்பருத்தி கேட்டது:

வணக்கம். அரிசோனாவில் பால்டன் ஊரில் உள்ள கன்சைட் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் ஐந்து நாள் பிஸ்டல் வகுப்பில் (வகுப்பின் எண் 250) சேரப்போகிறேன். அதற்கு முன் பள்ளியை நிறுவிய ஜெஃப் கூப்பரைப் படித்துவிட ஆசை. ஆனால் அவர் கற்பித்த வீவர் நிலை (பிஸ்டலை இரு கையாலும் பிடித்து நின்று சுடும் முறை) பழசு, அவர் வகுத்த ஸ்கவுட் ரைஃபிள் என்ற இலகு ரைஃபிள் யாருக்கும் வேண்டாம் என்று பலர் சொல்கிறார்கள். எதைப் படிக்கலாம், எதை வரலாறாக மட்டும் பார்க்கலாம்? இன்னொரு சந்தேகமும் உண்டு. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் லோடு ஆனதே என்பது அவருடைய முதல் விதி. அப்படியானால் துடைப்பதற்காகப் பிரிப்பது எப்படி?

மேலைக்காற்று:

கடைசிச் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் முக்கியம். கூப்பரின் நான்கு பாதுகாப்பு விதிகள் இவை: எல்லாத் துப்பாக்கியும் லோடு ஆனதே, அழியக் கூடாத எதன் மீதும் குழல்முனை படக் கூடாது, சைட் (குறிபார்க்கும் முள்) இலக்கில் அமரும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும், இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் விதி நம் நடத்தையைப் பற்றியது. 'காலிதான்' என்ற சொல்லை ஒரு சமாதானமாக ஏற்காதே என்கிறது. சோதித்துக் காலி என்று கண்ட பிறகும் மற்ற மூன்றும் தளர்வதில்லை. என்.ஆர்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் மூன்று விதிகளில் 'பயன்படுத்தும்வரை லோடு செய்யாதே' என்று ஒன்று உண்டு. ரேஞ்சுக்கும் அலமாரிக்கும் அது சரி. கூப்பர் எழுதியது தோட்டா போட்ட பிஸ்டலை இடுப்பில் வைத்து நடப்பவர்களுக்கு.

பிரிக்கும்போது வரிசை மாறவே கூடாது. முனையைத் தோட்டாவைத் தாங்கும் ஒரு திசையில் வையுங்கள். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை) முழுக்க இழுத்து, சேம்பரில் (குழலின் பின்முனை அறையில்) இருக்கும் தோட்டாவை வெளியேற்றிப் பூட்டுங்கள். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள். மேகசின் இருந்த குழியையும் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுக்கிறார்கள். ஒரு தோட்டா வெளியே விழும், ஸ்லைடு திரும்பும்போது அடுத்தது சேம்பருக்குள் ஏறிவிடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு 'காலி' என்று நம்புவார்கள். க்ளாக் போன்ற பிஸ்டல்களைப் பிரிக்க ட்ரிகரை அழுத்தியே ஆக வேண்டும். வெடிப்பது அந்த நொடியில்தான். அப்படித் தவறினாலும் முனை சரியான திசையில் இருந்தால் சேதம் சுவரோடு போகும். இரண்டாவது விதி இருப்பது அதற்காக.

குறிமுள்:

நிலையைப் பற்றி. வீவர் நிலை கூப்பர் கண்டுபிடித்ததல்ல. ஜாக் வீவர் என்ற லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட ஷெரிஃப் துறைக் காவலர், 1950களின் இறுதியில் பிக் பேர் போட்டிகளில் ரிவால்வரை இரண்டு கையாலும் கண்மட்டத்துக்குத் தூக்கிக் குறிபார்த்துச் சுட்டார். மற்றவர்கள் இடுப்பிலிருந்து வேகமாகச் சுட்டுத் தவறவிட்டார்கள். கூப்பர் அதைப் பார்த்தார், காரணத்தைப் புரிந்துகொண்டார், எழுதினார், பாடமாக்கினார். என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை இப்படித் தொகுத்ததுதான். 1976இல் பள்ளி தொடங்கியது (அப்போது பெயர் அமெரிக்கன் பிஸ்டல் இன்ஸ்டிட்யூட்). அதே ஆண்டு மிசௌரியின் கொலம்பியாவில் ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு உருவானது, முதல் தலைவரும் அவரே.

நிலை இது: வலக்கையர் இடக்காலைச் சற்று முன்வைத்து உடலைத் திருப்புவார், இரு முழங்கையும் மடங்கும், வலக்கை தள்ளும், இடக்கை இழுக்கும். தள்ளலும் இழுப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இல்லாவிட்டால் குண்டுகள் பக்கவாட்டில் சிதறும். 1980களில் போட்டி வீரர்களான ராப் லேதமும் பிரயன் ஈனோஸும் கைகளை நேராக நீட்டிச் சுட்டுப் போட்டிகளை வென்றார்கள். மார்புக் கவசம் அணியும் காவலருக்கும் நெஞ்சை நேரே காட்டுவது நல்லது. ஆக, வீவர் நிலையைத் தெரிந்துகொண்டால் போதும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

கைவிடக் கூடாதது ட்ரிகர் பாடம். முன் சைட்டை ஒரு கணம் தெளிவாகக் கண்டதும், சீராக, மிகக் குறுகிய நேரத்துக்குள் அழுத்த வேண்டும். வெடிக்கும் நொடியை நாம் முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது. தீர்மானித்தால் கை உதைப்பை எதிர்பார்த்துக் குனியும், வலக்கையருக்குக் குண்டு கீழே இடப்புறம் போகும். இதைப் பிடிக்க வழி உண்டு. மேகசினில் இரண்டு மூன்று டம்மி (வெடிக்காத) தோட்டாக்களை வேறொருவர் கலந்து போடட்டும். டம்மி வரும்போது முனை சரிந்தால் குற்றம் துப்பாக்கியில் இல்லை.

செம்பருத்தி:

மிக்க நன்றி ஐயா. கூப்பரின் நிறக் குறியீடு? வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு?

வடமலை:

அதை ஆபத்தின் அளவுகோலாக்கிவிட்டார்கள். கூப்பர் சொன்னது மனநிலையை. வெள்ளை: எதையும் கவனிக்காத நிலை. மஞ்சள்: பதற்றமில்லாத விழிப்பு. ஆரஞ்சு: குறிப்பிட்ட ஒருவர் அல்லது ஒன்றின் மீது கவனம் குவிந்துவிட்டது. சிவப்பு: இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முடிவு எடுத்தாயிற்று. கறுப்பு என்ற ஐந்தாவது நிறம் பின்னால் மற்றவர்கள் சேர்த்தது.

ஸ்கவுட் ரைஃபிள் பற்றிச் சொல்வதில் பாதி நியாயம். அவர் கேட்டவை: ஒரு மீட்டருக்குள் நீளம், சுமார் 3 கிலோ எடை, .308 தோட்டா, குழலின் மேல் முன்னால் பொருத்திய குறைந்த உருப்பெருக்கு ஸ்கோப். ஸ்கோப் முன்னே போனதால் மேலிருந்து தோட்டா ஏற்ற வழி திறந்திருக்கும், ரைஃபிளை நடுவில் பிடித்துத் தூக்கலாம், இரண்டு கண்ணும் திறந்தபடி சுடலாம். கெடுதலும் அதே இடத்தில்தான்: முதுகுப் பக்கம் தாழ்ந்த சூரியன் இருந்தால் பின்கண்ணாடியில் ஒளி பட்டுப் படம் மறையும், அந்தி நேரத்தில் மங்கும். 1 முதல் 6 மடங்கு மாற்றக்கூடிய இன்றைய ஸ்கோப்புகள் வழக்கமான இடத்திலேயே அந்த வேலையைச் செய்கின்றன. துப்பாக்கி நிறுவனங்களான ஸ்டைர் 1998லும் ரூகர் 2011லும் ஸ்கவுட் வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ரூகர் ரைஃபிளின் பெயரிலேயே கன்சைட் உண்டு. இலகுவான, எல்லா வேலைக்கும் ஒரே ரைஃபிள் என்ற எண்ணம் மட்டும் பழசாகவில்லை.

பள்ளியை அவர் 1992இல் விற்றார். 1999இல் வாங்கிய பஸ் மில்ஸ் காலத்தில் அவர் மறுபடி அங்கே வந்து பேசினார். 2006இல் காலமானார். ஆகவே இன்றைய பயிற்சியாளர் நீட்டிய கை நிலையைக் காட்டினால் 'கூப்பர் அப்படிச் சொல்லவில்லையே' என்று வாதிட வேண்டாம்.

படிப்பதற்கு: 1972இல் வந்த 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் பர்சனல் டிஃபென்ஸ்' சிறிய நூல், மனநிலை முழுக்க அதில் இருக்கிறது, வகுப்புக்கு முன் அது போதும். ரைஃபிள் வகுப்பு எடுக்கும்போது 1997இன் 'தி ஆர்ட் ஆஃப் தி ரைஃபிள்'. அரசியல், வேட்டை பற்றிய அவருடைய கட்டுரைகள் பலருக்கு உவப்பாக இராது. வகுப்புக்கு அவை தேவையும் இல்லை.

வீட்டில் ட்ரை ப்ராக்டிஸ் (தோட்டா இல்லாத பயிற்சி) செய்வதானால் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மேலே மேலைக்காற்று சொன்ன வரிசையில் சோதித்த பிறகே தொடங்குங்கள். முடித்ததும் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று மறுபடி எடுக்காதீர்கள். தோட்டா திரும்ப ஏறிய பிறகு அந்த ஒரு தடவை நடந்துவிடுகிறது.