சிங்கங்களின் தலைக்கு மேல் இருந்த சக்கரம் எங்கே?

மண்சட்டி:
நம் தேசிய இலச்சினை பாதிதான் என்பது என் கட்சி. அசோகன் நிறுத்திய சாரநாத் தூணில் நான்கு சிங்கங்களின் தலைக்கு மேல் ஒரு பெரிய தர்மச் சக்கரம் இருந்தது. உடைந்த துண்டுகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சிங்கங்கள் அதைச் சுமக்கத்தான் நின்றன. 1950 ஜனவரி 26 அன்று சுமந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அதிகாரம் மேலே, அறம் காலடியில்!

கடைசிபெஞ்ச்:
ஏதோ முழுசாக இருந்ததைப் பிடுங்கிப் போட்ட மாதிரி பேசுகிறீர்களே. சாரநாத்தில் அகழாய்வு செய்த பொறியாளர் ஓயர்டெல் தோண்டியெடுத்தபோதே சக்கரம் நொறுங்கித்தான் கிடந்தது. முழுசாகக் கிடைத்ததை எடுத்தார்கள், அவ்வளவுதான். அறத்தை விட்டதாகவும் சொல்ல முடியாது. 1947 ஜூலையிலேயே கொடியின் நடுவில் சக்கரத்தை வைத்தாயிற்று.

மண்சட்டி:
கொடியில் இருப்பது சிங்கங்களின் காலடிப் பலகையில் உள்ள 24 ஆரச் சக்கரம். நான் கேட்பது உச்சியில் இருந்ததை. முழுசாகக் கிடைத்ததைத்தான் எடுத்தார்கள் என்றால், பலகைக்குக் கீழே கவிழ்ந்த தாமரை இருந்ததே, அதை ஏன் வெட்டினார்கள்?

கடைசிபெஞ்ச்:
நாணயத்திலும் அரசு முத்திரையிலும் அடங்க வேண்டாமா? ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து உற்றுப் பாருங்கள். சிங்கமே மூன்றுதான் தெரியும். நடுவில் சக்கரம், இடப்பக்கம் குதிரை, வலப்பக்கம் காளை. யானை பின்னால் மறைந்துவிட்டது. அதற்காக யானையை அவமதித்துவிட்டார்கள் என்பீர்களா?

தெற்குவாசல்:
நடுவில் நுழைகிறேன். அறம் அறம் என்று உருகுகிறவர்கள் அந்தத் தூணில் வெட்டியிருக்கும் ஆணையையும் படிக்க வேண்டும். பௌத்த சங்கத்தைப் பிளக்கும் பிக்குவானாலும் பிக்குணியானாலும் துறவாடையைக் களைந்து வெள்ளை உடுத்தி வெளியே அனுப்பு என்கிறான் அசோகன். அந்தத் தூணே அரசாங்க அறிவிப்புப் பலகைதான்.

மண்சட்டி:
சரி, ஆணையிட்டான். ஆனால் சக்கரத்துக்குக் கீழே நின்றுதானே இட்டான்? 2022இல் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 6.5 மீட்டர் உயர வெண்கலச் சிங்கங்கள் வந்தபோது, பல் பெரிதா முகம் கோபமா என்றே மல்லுக்கட்டினோம். உச்சி காலியாக இருப்பதைப் பேசினோமா?

கடைசிபெஞ்ச்:
பேசினாலும் எடுபடாது. சிங்கங்களின் தோற்றத்தை எதிர்த்த மனுவையே உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. 2005ஆம் ஆண்டு இலச்சினைச் சட்டத்தோடு இணைத்த படத்தில் உச்சிச் சக்கரம் கிடையாது. இன்றைக்கு வைத்தீர்களென்றால் அதுதான் சட்டப்படி தப்பு.