முப்பாய்ச்சல் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரிப் புலமைப்பரிசில்: முகவரை நம்பலாமா?

ஒட்டுசுட்டான்_உடற்கல்வி:

வணக்கம். எங்கள் பாடசாலையில் உயர்தரம் முதலாம் வருடம் கலைப்பிரிவில் படிக்கிற ஒரு பெண் பிள்ளை, வயது 17. மாகாணப் போட்டியில் முப்பாய்ச்சல் 11.84 மீற்றர் பாய்ந்து முதலாமிடம். நீளம் பாய்தல் 5.41. நூறு மீற்றர் 12.6 செக்கன், நாங்கள் கையால் எடுத்த நேரம். சாதாரண தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் சி, ஆங்கிலம் எஸ்.

போன கிழமை தாய்க்கு வட்ஸ்அப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் முழுப் புலமைப்பரிசில் எடுத்துத் தருவாராம். பதிவுக்கு ஒன்றரை லட்சம், இடம் கிடைத்த பிறகு புலமைப்பரிசில் தொகையில் பத்து வீதம். உயர்தரம் எழுதத் தேவையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். தாய் சங்கிலியை அடகு வைக்க யோசிக்கிறா. ஞாயிற்றுக்கிழமை அவவுக்கு நான் பதில் சொல்லவேண்டும். இந்தப் பாய்ச்சலுக்கு அங்கே மதிப்பு உண்டா? நாங்களே செய்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

மணற்குழி:

சேர், சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். அமெரிக்கப் பயிற்றுநருக்கு மின்னஞ்சல் அனுப்ப ஒரு சதமும் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் பயிற்றுநர்களின் முகவரி வெளியாகவே கிடக்கிறது. அந்தப் பத்து வீதம் இன்னும் மோசமான விசயம். ஒரு சேவைக்கு நிலையான கட்டணம் கொடுப்பதை என்.சி.ஏ.ஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய சங்கம்) விதி தடுக்காது. ஆனால் இடம் கிடைத்தால் இவ்வளவு, புலமைப்பரிசிலில் இத்தனை வீதம் என்று பேசினால் அந்த ஆள் விதியின் கண்ணில் முகவர். அதனால் பிள்ளையின் போட்டித் தகுதிக்கே ஆபத்து. உயர்தரம் தேவையில்லை என்று அவர் சொன்னதை நம்பி அதை விட்டுவிடவும் வேண்டாம்.

இனி 11.84. பயிற்றுநர் பதக்கத்தைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்ப்பார். அங்கே கல்லூரிகள் கொன்பரன்ஸ் என்ற கூட்டங்களாகப் பிரிந்து போட்டியிடும். வருட முடிவில் கொன்பரன்ஸ் போட்டியில் முதல் எட்டுப் பேருக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. ஆகவே ஒரு கல்லூரியைப் பார்க்குமுன் அதன் கொன்பரன்ஸில் போன வருடம் எட்டாவதாக வந்த பெண் எவ்வளவு பாய்ந்தாள் என்று பாருங்கள். ரி.எஃப்.ஆர்.ஆர்.எஸ் என்ற தளத்தில் எல்லாக் கல்லூரிகளின் பெறுபேறுகளும் இலவசமாகக் கிடக்கின்றன. எட்டாவது ஆளின் தூரம் உங்கள் பிள்ளையின் தூரத்துக்குக் கிட்ட இருந்தால் எழுதுங்கள். ஒரு மீற்றர் அதிகமாக இருந்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். எஸ்.ஈ.சி போன்ற பெரிய கொன்பரன்ஸ்கள் இப்போதைக்கு எட்டாது. என்.சி.ஏ.ஏவின் மூன்று மட்டங்களில் நடுத்தர டிவிஷன் ஒன்று, டிவிஷன் இரண்டு, பிறகு என்.ஏ.ஐ.ஏ என்ற சிறிய சங்கத்தின் கல்லூரிகள், இரண்டு வருட ஜூனியர் கொலிஜ் ஆகியவைதான் இந்தப் பிள்ளையின் வயல். டிவிஷன் மூன்றும் ஐவி லீக் என்ற பழைய பெயர்பெற்ற கல்லூரிகளும் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவிதான், அது வேறு வழி.

முழுப் புலமைப்பரிசில் என்ற சொல்லில் மயங்கவேண்டாம். மெய்வல்லுநரில் ஒரு தொகையைப் பலருக்குப் பங்குபோட்டுத்தான் கொடுப்பார்கள். உதாரணமாக டிவிஷன் இரண்டில் ஒரு பெண்கள் அணி முழுவதற்கும் 12.6 முழுப் புலமைப்பரிசிலின் அளவுதான் எல்லை.

கோப்புக்காரி:

பாய்ச்சலை மணற்குழி பார்த்துக்கொள்ளட்டும், நான் தாள்களைச் சொல்கிறேன். வன்னிப் பிள்ளைகள் தட்டுப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

டிவிஷன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் என்.சி.ஏ.ஏ தகுதி நிலையத்தில் கணக்குத் திறக்கவேண்டும். இலவசப் பக்கம் ஒன்று உண்டு, இப்போதைக்கு அதுவே போதும். கல்லூரி ஒன்று உண்மையாக ஆர்வம் காட்டினால் கட்டணக் கணக்குக்கு மாறலாம். 9ஆம் ஆண்டிலிருந்து உள்ள எல்லாத் தேர்ச்சி அறிக்கையும் கேட்பார்கள். கலைப்பிரிவுப் பிள்ளை கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் 11ஆம் ஆண்டோடு விட்டுவிடுகிறது. 9, 10, 11 அறிக்கைகள் தொலைந்திருந்தால் அந்தப் பாடங்களுக்குக் காட்ட சாதாரண தரப் பெறுபேற்றைத் தவிர வேறு தாள் இல்லை. வீட்டில் இல்லையென்றால் பாடசாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அதிபரின் கையொப்பமும் இறப்பர் முத்திரையும் வைத்து இப்போதே பிரதி எடுங்கள். அதிபர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு அலையவேண்டி வரும்.

டிவிஷன் ஒன்றும் இரண்டும் 16 அடிப்படைப் பாட அலகுகள் கேட்கின்றன. டிவிஷன் ஒன்றுக்கு அவற்றில் ஆங்கிலம் 4, கணிதம் 3, விஞ்ஞானம் 2, சமூகக் கல்வி 2, மீதி கலந்து வரலாம். சராசரி டிவிஷன் ஒன்றுக்கு 2.3, இரண்டுக்கு 2.2, அதாவது அமெரிக்கக் கணக்கில் சி-க்குச் சற்று மேல். எஸ்.ஏ.ரி என்ற கல்லூரி நுழைவுப் பரீட்சை என்.சி.ஏ.ஏ தகுதிக்கு இப்போது கட்டாயமில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலத்துக்கு ஒழுங்காகப் போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தட்டிக்கழிக்கிற பாடமாக வைத்திருக்கிறார்கள்.

தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்யுங்கள், சுருக்கி எழுதினால் திருப்பிவிடுவார்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களமே ஆங்கிலத்தில் தரும், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று, போட்டிச் சான்றிதழில் மூன்றாவது. டி-யும் ரி-யும் எச்-உம் இடம் மாறியிருக்கும். முதலில் கடவுச்சீட்டை எடுங்கள் (வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் முடியும்), பிறகு எல்லா இடத்திலும் அதே எழுத்தை எழுதுங்கள். 2008, 2009இல் வன்னியில் பிறந்த பிள்ளைகள் சிலரின் பிறப்புப் பதிவு காலங்கடந்து நடந்தது. திகதியோ இடமோ பிழையாக விழுந்திருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த மாதங்கள் போகும். இதை முதல் கிழமையே பாருங்கள்.

ஒட்டுசுட்டான்_உடற்கல்வி:

மிகவும் நன்றி. பிறப்புப் பத்திரத்தில் பெயரின் முதலெழுத்து உண்மையிலேயே வேறு, நாளைக்கே பிரதேச செயலகம் போகிறோம். இன்னொரு கேள்வி. 11.84 பாய்ந்த அன்று காற்றுமானி வைக்கவில்லை, பெறுபேற்றுத் தாளில் தூரம் மட்டும்தான். அது செல்லுமா? வீடியோ எடுக்க எங்களிடம் ஒரு கைத்தொலைபேசி மட்டும்தான்.

மணற்குழி:

காற்று எழுதாத தூரத்தைப் பயிற்றுநர் தள்ளிவிடமாட்டார், ஆனால் பாதிதான் நம்புவார். பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் போனால் அந்தத் தூரம் சாதனைக் கணக்கில் சேராது. முப்பாய்ச்சலில் ஓடிவருபவர் மிதித்து எழும்பும் பலகைக்கு 35 மீற்றர் முன்னால் உள்ள குறியைக் கடந்ததும் ஐந்து செக்கன் காற்றை அளப்பார்கள். மானி பலகையிலிருந்து 20 மீற்றரில், 1.22 மீற்றர் உயரத்தில் நிற்கும். எங்கள் மைதானங்களில் இது இல்லை. ஆகவே சேர் ஜோன் டாபற் போட்டி, அகில இலங்கைப் பாடசாலைப் போட்டி, தேசிய கனிஷ்ட போட்டி ஆகியவற்றில் ஒன்றிலாவது காற்றோடு பதிவான ஒரு தூரம் வேண்டும். அங்கே 11.60 பாய்ந்தாலும் இங்கே காற்றில்லாத 11.84ஐ விட அது பெறுமதி. பெறுபேறு ஒட்டியவுடன் அந்தத் தாளைப் படம் எடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

நூறு மீற்றரைக் கைநேரம் என்றே எழுதுங்கள். கைநேரத்துக்கு 0.24 கூட்டித்தான் பார்ப்பார்கள், 12.6 அவர்களுக்கு 12.84. மறைத்து எழுதினால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள்.

வீடியோவுக்கு அந்த ஒரு தொலைபேசி போதும். ஓடுபாதைக்குச் செங்குத்தாக 15 மீற்றர் தள்ளி, இடுப்பளவு உயரத்தில், கதிரையில் கட்டி வையுங்கள். கையில் பிடித்தால் ஆடும். செக்கனுக்கு 60 படம் என்று மாற்றுங்கள். பலகையிலிருந்து மணற்குழி வரை ஓரத்தில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு குறி வையுங்கள், தண்ணீர்ப் போத்தலும் போதும். முப்பாய்ச்சல் பயிற்றுநர் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் கெந்தல், மிதித்தல், பாய்தல் மூன்றையும் தனித்தனியாக அளப்பார். உதாரணத்துக்கு 11.84ஐ இந்தப் பிள்ளை 4.50, 2.95, 4.39 என்று பாய்ந்தால், நடுவில் உள்ள மிதித்தல் நூற்றுக்கு 25 வீதம்தான். முப்பதுக்குக் கிட்ட இருக்கவேண்டிய இடம் அது. பயிற்றுநருக்கு இது குறையல்ல, கால் பலம் ஏறினால் அரை மீற்றர் கூடும் என்ற நம்பிக்கை. அதனால் மிதித்தல் விழுகிற பாய்ச்சலை வெட்டி ஒளிக்கவேண்டாம்.

முழு ஓட்டத்தோடு மூன்று பாய்ச்சல், வெட்டாமல், பாட்டு இல்லாமல், ஒரு நிமிடத்துக்குள். யூரியூப்பில் இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றுங்கள்.

மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதவேண்டும், ஆசிரியர் அல்ல. ஆங்கிலத்தில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். தலைப்பிலேயே நிகழ்வு, தூரம், காற்று, பாடசாலை முடிக்கும் வருடம், இலங்கை. உள்ளே பெறுபேற்றுத் தாள், வீடியோ இணைப்பு, பாடப் பெறுபேறு, உயரம், அந்தக் கொன்பரன்ஸில் தன் தூரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு வரி. ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை ஒன்றாக அனுப்பினால் ஒருவரும் பதில் போடார். கிழமைக்கு ஐந்து கல்லூரி போதும். பதில் வராவிட்டால் புதுத் தூரம் பாய்ந்த பிறகு மறுபடி எழுதுங்கள், வெறுமனே ஞாபகப்படுத்தவேண்டாம். அழைப்புக் கேட்டால் எங்கள் இரவு ஏழரை மணியைச் சொல்லுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் அது காலை பத்து.

வவுனியா_இரட்டைப்பனை:

காசைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பயிற்றுநர் "எண்பது வீதம்" என்றால், எதில் எண்பது என்று எழுத்தில் கேளுங்கள். கல்விக் கட்டணம் மட்டுமா, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தா? மருத்துவக் காப்புறுதி யார் கட்டுவது? ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கா? காயப்பட்டால் என்ன? மீதி இருபது வீதம் வருடத்துக்குப் பல ஆயிரம் டொலர் வரலாம். அந்தத் தொகை கையில் இருப்பதை வங்கித் தாளில் காட்டினால்தான் கல்லூரி மாணவர் வீசாவுக்கான ஐ-20 பத்திரம் தரும், அது இல்லாமல் வீசா நேர்முகமே இல்லை. அதற்குப் பிறகு செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டொலர், வீசா விண்ணப்பம் 185. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கிடைக்கும் பங்கில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக 14 வீதம் வரி பிடிப்பார்கள். தேசிய கடித ஒப்பந்தம் (கல்லூரியில் சேர்ந்து விளையாடுவதாக முன்பு கையொப்பமிட்ட தாள்) என்று யாராவது ஒன்றைக் காட்டினால் நம்பவேண்டாம், அந்த முறை 2024 ஒக்டோபரில் நிறுத்தப்பட்டுவிட்டது. கல்லூரியின் நிதியுதவி ஒப்பந்தத்தில்தான் கையொப்பம்.

உயர்தரத்தை விடக்கூடாது என்பதற்கு என்னிடம் இன்னொரு காரணம் இருக்கிறது. தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வைத்திருக்கிறது. அதற்கும் ஒரே அமர்வில் மூன்று பாடச் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் வேண்டும். வலய, மாகாணச் சான்றிதழ்கள் அங்கே எடுபடாது. ஆகவே மணற்குழி சொன்ன அந்தத் தேசியப் போட்டி இரண்டு கதவுக்கும் ஒரே திறப்பு. சப்ரகமுவப் பல்கலைக்கழக உடற்கல்விப் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக எழுதவேண்டும், அதன் விண்ணப்ப அறிவித்தல் வேறாக வரும், பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருங்கள். உங்கள் முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், மாவட்ட ஒதுக்கீடு பார்க்கும் பட்டங்களுக்குச் சாதாரண வழியிலும் மேலதிக ஐந்து வீதத்தில் ஒரு வாய்ப்பு உண்டு.

உயர்தரம் நவம்பரில் எழுதி, ஏப்ரலில் பெறுபேறு வந்து, ஓகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி தொடங்கினால் காலம் பொருந்துகிறது. அதற்குமேல் இரண்டு மூன்று வருடம் கழகத்துக்காகப் பாய்ந்துகொண்டு காத்திருந்தால் டிவிஷன் ஒன்றில் விளையாடக்கூடிய வருடங்கள் குறையலாம். ஆங்கிலப் பரீட்சைக்குப் பல கல்லூரிகள் டுவோலிங்கோவை ஏற்கின்றன, வீட்டிலிருந்தே எழுதலாம். கடவுச்சீட்டு, தனி அறை, அறுபடாத இணையம் வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அந்த அமர்வு கெட்டுப்போகும். மடிக்கணினியின் மின்கலத்தை முழுதாக ஏற்றி, தொலைபேசித் தரவையும் தயாராக வைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுத வையுங்கள்.