மறு: அனூரிஸ்மல் போன் சிஸ்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

எலும்புக்குள் இரத்த அறைகளாக வளரும் இந்த நோய்க்கு நம் கலைச்சொல் பட்டியலிலும் நோயாளிக் கையேட்டிலும் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு வந்த பரிந்துரைகளை மேற்கோளிட்டுப் பதில் சொல்கிறேன்.

> ‘குருதிநாளப் புடைப்பு எலும்பு நீர்க்கட்டி’ என்றால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

நெருக்கமாகத்தான் இருக்கும். மூலமே தப்பு என்பதுதான் சிக்கல். 1942ல் நோயியல் மருத்துவர்களான ஜாஃபியும் லிக்டன்ஸ்டைனும் இந்தப் பெயரை வைத்தது, எக்ஸ்ரேயில் எலும்பு ஒரு பக்கமாக ஊதி நின்ற தோற்றத்தைப் பார்த்து. தமனிச் சுவர் தளர்ந்து புடைக்கும் அனூரிஸத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சிஸ்ட் என்பதும் பொருந்தவில்லை. உண்மையான சிஸ்டின் உட்புறம் மேலணி என்ற உயிரணுப் படலம் ஒன்று படர்ந்திருக்கும்; இதில் அது கிடையாது. இருப்பதெல்லாம் இரத்தம் நிறைந்த அறைகள், அவற்றைப் பிரிக்கும் மெல்லிய தடுப்புகள், அந்தத் தடுப்புகளுக்குள் பல கருக்கள் கொண்ட பெரிய உயிரணுக்கள், அவ்வளவுதான். 17ஆம் குரோமோசோமில் உள்ள யு.எஸ்.பி.6 மரபணு இடம் மாறி வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வதால் இது வளர்கிறது என்று 2004ல் தெரியவந்தது. ஆக, இது புற்று அல்லாத ஒரு வளர்ச்சி. பழைய தவறை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

‘நீர்க்கட்டி’ இன்னொரு வகையிலும் உறுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் ‘தானே வற்றிவிடும், இல்லையென்றால் ஊசியால் நீரை எடுத்துவிடலாம்’ என்றுதான் தோன்றும். இங்கே ஊசியில் ஏறுவது இரத்தம். விட்டுவைத்தால் எலும்பின் மேலோடு முட்டையோடு போல மெலிந்து, சின்ன இடறலிலேயே முறியக்கூடும். பெரும்பாலும் 20 வயதுக்குள் வருவது. இந்தப் பெயரைக் கேட்கப்போவது ஒரு சிறுவனும் அவனுடைய பெற்றோரும்.

> எலும்புக் குருதிப்பை?

இரண்டு நாள் இதை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தேன், பிடித்திருந்தது. ஆனால் குருதிப்பை என்றால் இரத்தம் ஏற்றத் தொங்கவிடும் பைதான் நினைவுக்கு வருகிறது. ‘எலும்புப்புரை’யை ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறையும் நோய்) ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ‘குருதிக்கட்டி’ என்றால் அடிபட்டு இரத்தம் கட்டியதாக ஆகிவிடும்.

என் பரிந்துரை: எலும்புக் குருதிப் புடைப்பு. எங்கே, எது, எப்படி என்று மூன்றும் வந்துவிடுகின்றன. நாளமும் இல்லை, நீரும் இல்லை, ‘கட்டி’ என்ற பயமுறுத்தலும் இல்லை.

தலைப்புச் சொல்லைவிட எனக்கு அதிகம் கவலை தருவது கூடவே வரும் அடைமொழி. இந்தப் புடைப்பு தானாக வருவதும் உண்டு. இராட்சத உயிரணுக் கட்டி போன்ற வேறொன்றின் மேல் ஏறி வருவதும் உண்டு. பின்னதை ‘இரண்டாம் நிலை’ என்று எழுதியிருக்கிறோம். நோயாளிக்கான கையேட்டின் வரைவை என் அக்காளிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தி, ‘ரெண்டாம் நிலைன்னா புத்து முத்திப்போச்சுன்னுதானே அர்த்தம்?’ என்றாள். புற்றுநோயின் நிலைகளுக்கு அதே சொல்லைப் பழக்கிவிட்டோம், அவள் மேல் என்ன தப்பு? தனிப் புடைப்பு, சார்புப் புடைப்பு என்று வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

அப்புறம், எம்.ஆர்.ஐ. அறிக்கையில் வரும் அந்தக் கோடு. நோயாளி அசையாமல் படுத்திருக்கும்போது ஒவ்வொரு அறையிலும் சிவப்பணுக்கள் வண்டல் போல அடியில் இறங்கிவிடும், தெளிந்த நீர் மேலே நிற்கும். நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு மட்டம் தெரியும். ‘திரவ–திரவ மட்டம்’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு, ஒன்றும் விளங்கவில்லை. படிவுமட்டம் எனலாமா? ஆனால் படிவுமட்டம் தெரிந்தாலே இந்த நோய்தான் என்று கையேட்டில் எழுதிவிடக் கூடாது. இரத்த அறைகள் கொண்ட ஒருவகை எலும்புப் புற்றிலும் இதே கோடு விழும். திசுவை எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

புடைப்பின் உள்ளே இருப்பதைக் கருவியால் அகற்றும் அறுவையான க்யூரெட்டாஜுக்கு வழித்தெடுத்தல். ‘சுரண்டல்’ வேண்டவே வேண்டாம், கொடி பிடிக்கத் தோன்றுகிறது.

––––

ஐயா,

எலும்பு அறுவை மருத்துவனாகச் சொல்கிறேன், ‘புடைப்பு’க்கு என் ஓட்டு. ‘புற்றா டாக்டர்?’ என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. அதைத் தூண்டாத பெயர் எதுவானாலும் எனக்குச் சரி.

வழித்தெடுத்தலில் மட்டும் ஒரு குறை. வழிப்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. சுவரில் மிச்சம் ஒட்டியிருந்தால் திரும்ப வளரும், அது அடிக்கடி நடப்பதும்தான். அதனால் வேகமாகச் சுழலும் கருவியால் சுவரையும் தேய்த்தெடுத்து, பிறகு எலும்புத் துகளால் குழியை நிரப்புகிறோம். வளர்தகடு, அதாவது சிறுவர்களின் எலும்பு நீளும் இடம், பக்கத்தில் இருந்தால் கை தயங்கும். அங்கேயும் முதுகெலும்பிலும் கத்தியைத் தவிர்க்கப் பார்ப்போம்: பாலிடோகனால் அல்லது டாக்சிசைக்ளின் ஊசியைச் சில முறை செலுத்தி அறைகளைத் தழும்பாக்கிவிடுவது ஒரு வழி, இரத்தம் கொண்டுவரும் தமனியை உள்ளிருந்தே அடைப்பது இன்னொரு வழி. இவற்றுக்கும் பெயர் வேண்டும். ‘அடைப்பு’ என்றால் எல்லாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

––––

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. சுவரைத் தேய்ப்பதற்குத் தச்சர்களிடம் நல்ல சொல் இருக்கிறது: இழைத்தல். ‘வழித்து இழைத்தல்’ என்று சேர்த்தே போட்டுவிடுவோம். ஊசிக்குத் தழும்பூட்டல். தமனிக்கு ‘நாள மூட்டம்’ என்று முதலில் எழுதினேன். மேகமூட்டம் போல் இருக்கிறது என்று நானே அடித்துவிட்டேன். ‘ஊட்டுநாளம் மூடல்’ ஓடுமா, பாருங்கள். மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றுகிறேன். ‘இரண்டாம் நிலை’யை மட்டும் இன்றைக்கே எடுத்துவிட்டேன்.