இலங்கையிலும் விற்பனை தொடங்கிவிட்டார்கள், ஆனால் என் லப்டொப்புக்குப் பற்றரி தர மாட்டார்களாம்

நிலாமுற்றம்06

வணக்கம், வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்று கிழமையாக இதே தலையிடிதான்.

2023 இல் லண்டனில் இருக்கும் என் அக்கா எனக்காக ஒரு லப்டொப் வாங்கி, லீவுக்கு வரும்போது கையோடு கொண்டு வந்தார். கொம்பனியின் பெயரை இங்கே போடவில்லை. பற்றரி, ஸ்கிரீன், கீபோர்ட் எல்லாவற்றையும் நாமே கழற்றி மாற்றலாம் என்று சொல்லி விற்கிற வகை, அவ்வளவு போதும். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் போனதைப் பார்த்த பிறகு, இனி நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை புது மெஷின் வாங்க என்னால் முடியாது, பழுதாகிற பாகத்தை மட்டும் மாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று யோசித்துத்தான் இதற்குக் காசைப் போட்டேன். அப்போது அவர்கள் இலங்கைக்கு அனுப்புவதில்லை. “அடுத்து எந்த நாட்டுக்கு வரட்டும்” என்று அவர்கள் ஒருமுறை கேட்டபோது இலங்கை என்று எழுதி, தெரிந்தவர்கள் பத்துப் பேரையும் எழுத வைத்தவள் நான்.

இந்த வருடம் உண்மையிலேயே வந்துவிட்டார்கள். நாடுகளின் பட்டியலில் நம் பெயரைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து என் பற்றரி ஊதிவிட்டது. டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, மூடியை மூடினால் ஒரு பக்கம் இடைவெளி. சரி, பாகம்தானே, வாங்கிப் போடலாம் என்று தளத்துக்குப் போனால், என் கணக்கை அவர்களாகவே இலங்கைத் தளத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். அங்கே புது லப்டொப் மூன்று மொடல் இருக்கிறது, பாகங்கள் என்ற பக்கம் காலி. முன்பு இதே கணக்கில் அக்காவின் லண்டன் முகவரிக்கு ஒரு கேபிளும் ஸ்க்ரூ செட்டும் எடுத்திருக்கிறேன், இப்போது அந்த முகவரியைப் போடவே விடுவதில்லை. அவர்கள் இங்கே வந்த பிறகு எனக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போனது.

கொழும்பில் உள்ள ஏஜென்டிடம் போனேன். “நாங்கள் விற்ற சீரியல் நம்பருக்கு மட்டும்தான் மிஸ்” என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொம்பனிக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன், மூன்றுக்கும் ஒரே பதில், “நீங்கள் இருக்கும் நாட்டின் முகவரைத் தொடர்புகொள்ளவும்.” நான் வொரண்டி கேட்கவில்லை, இலவசமாக எதுவும் கேட்கவில்லை, முழு விலை கொடுத்து ஒரு பற்றரி வாங்கத்தான் கேட்கிறேன்.

வீட்டில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், இந்த மெஷின்தான் சோறு போடுகிறது. இந்தப் பற்றரியை எப்படி எடுப்பிக்கலாம்? வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சோல்டர்காரன்

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தப் பற்றரியைக் கழற்றுங்கள். இன்றைக்கே. ஊதியிருக்கிறது என்றால் உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு கட்டியிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சார்ஜில் போட்டுக்கொண்டு வேலை செய்வது ஆபத்து. சார்ஜரைப் பிடுங்கி, மெஷினை முழுதாக நிறுத்தி, ஸ்க்ரூக்களைக் கழற்றி மெதுவாக எடுங்கள், கூரான எதையும் வைத்து நெம்ப வேண்டாம். எடுத்த பிறகு மணல் போட்ட வாளியில், வெயில் படாத, பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையில் போடாதீர்கள், குப்பை லொறியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பற்றரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடுகிற மொடலா என்று மேனுவலில் பாருங்கள், சிலது ஓடும், சிலது ஓடாது.

இனி ஏன் உங்களுக்குப் பற்றரி மட்டும் இவ்வளவு கஷ்டம் என்று சொல்கிறேன். தனியாக அனுப்புகிற லித்தியம் அயன் பற்றரி, ஆபத்தான பொருட்களுக்கு ஐ.நா. கொடுத்த இலக்கங்களில் யூஎன் 3480 என்ற வகைக்குள் வரும். 2016 ஏப்ரல் 1 இல் இருந்து அதைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில் போவதென்றாலும் சார்ஜ் 30 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பெட்டி, லேபிள், தாள்வேலை எல்லாவற்றுக்கும் தனி விதி. அதே பற்றரி லப்டொப்புக்குள் பூட்டி வந்தால் வேறு வகை, இவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால்தான் புது லப்டொப் சுலபமாகக் கட்டுநாயக்கவில் இறங்குகிறது, உங்களுடைய பற்றரி வருவதில்லை.

ஆனால் பயணி கையோடு கொண்டு வரலாம். 100 வாட்-அவருக்கு (Wh, பற்றரியில் எவ்வளவு மின்சக்தி பிடிக்கும் என்ற அளவு) குறைவான ஸ்பெயார் பற்றரி என்றால் விமானக் கொம்பனியிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை, லப்டொப் பற்றரி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். லண்டனில் இருந்து வருகிற யாரையாவது பிடியுங்கள். ஊதிய பழசை மட்டும் யாரிடமும் விமானத்தில் கொடுத்து அனுப்ப வேண்டாம், பழுதான பற்றரியைக் கைப்பையிலும் கொண்டுபோக விடமாட்டார்கள்.

யுனிட்டி பிளாசா கம்பியூட்டர் கடைகள் பக்கம் “செல் மாற்றித் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் இந்த மொடலுக்குச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்டைப் புது செல்லோடு சரியாகப் பொருத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கட்டிய இரண்டு, திரும்பவும் ஊதி என் மேசைக்கே வந்தது.

இறக்குமதிக்கணக்கு

நான் கிளியரிங் வேலையில், அதாவது இறக்குமதிப் பொருளைச் சுங்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். கொம்பனியைக் காப்பாற்ற எழுதவில்லை, எங்கே இடிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே கேட்பது என்று தெரியும்.

ஒரு நாட்டில் புதிதாக விற்பது என்றால் வைஃபை, புளூடூத் உள்ள சாதனத்துக்கு அந்த நாட்டு ஒப்புதல் எடுக்க வேண்டும், இங்கே அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. வரிக்குப் பதிய வேண்டும், திருப்பி எடுக்கிற பொருளுக்கு வழி செய்ய வேண்டும். பெரியவர்களுக்கே இதற்கு வருடக்கணக்கு ஆகிறது. ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் மெஷின் 2022 பெப்ரவரியில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பாவில் வந்தது, அவுஸ்திரேலியாவுக்கு 2024 நவம்பரில்தான் போனது. ஃப்ரேம்வேர்க் லப்டொப்பும் 2021 இல் அமெரிக்கா, கனடா என்று இரண்டு நாட்டில்தான் தொடங்கியது. ஆகவே மெதுவாக வருவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

விலையைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தளத்தில் போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பிரிட்டன் விலைக்குள் 20 வீதம், ஜெர்மனி விலைக்குள் 19 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) அடங்கியிருக்கும். நம் நாட்டில் 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். டொலர் விலையை 300 ஆல் பெருக்கி “இவ்வளவு கூட அடிக்கிறான்” என்று சொல்வதற்கு முன் இதைக் கழித்துப் பாருங்கள். கழித்த பிறகும் கூடத்தான் வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு வராது.

பாகங்கள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். புது லப்டொப் நூறு வந்தால் ஒரே பில், ஒரே கிளியரிங். பாகம் என்றால் முப்பது வகை, ஒவ்வொன்றிலும் நாலைந்து, பற்றரி வேறு ஆபத்தான பொருள் பட்டியலில். ஏஜென்டுக்கு அதில் லாபம் இல்லை, அதனால் கேட்டே வாங்க மாட்டார். இது கொம்பனிக்கு நன்றாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு வருடத்துக்கு விற்றவர்தான் பொறுப்பு என்று சட்டமே இருக்கிறது, பழுதோடு வந்த பொருளை அவர் திருத்தியோ மாற்றியோ கொடுக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்றைக் கேட்க ஆள் இல்லை என்பதால் முதல் நாளில் இருந்து லப்டொப்பும், “பிறகு பார்ப்போம்” என்று பாகமும். பழுது பார்க்கலாம் என்பதைச் சொல்லியே விற்கிற கொம்பனி முதல் கொள்கலத்திலேயே பத்து பற்றரியாவது போட்டிருக்க வேண்டும், அதற்கு மேல் எந்த விளக்கமும் எனக்குத் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை13

இங்கே வாங்கியிருந்தால் பிரச்சினை வந்திருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் இங்கேதான் வாங்கினேன், வேறு கொம்பனி, அதுவும் புதிதாக நாட்டுக்குள் வந்தது, பில், வொரண்டி அட்டை எல்லாம் கையில். ஐந்தாவது மாதம் ஸ்கிரீனில் கோடு. “பாகம் சிங்கப்பூரில் இருந்து வர வேண்டும் சேர்” என்றார்கள். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய் ஒவ்வொரு கிழமையும் அதே கதிரையில் உட்கார்ந்து அதே பதிலைக் கேட்டேன். ஏழாவது கிழமை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லி, எழுத்திலும் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஏஜென்டே எனக்கு முதல் தடவையாகக் கோல் எடுத்தார், பத்து நாளில் ஸ்கிரீன் மாறியது. இங்கே வாங்கியவர்கள் பில்லை மட்டும் தொலைக்காதீர்கள்.

அக்கா, உங்கள் பில் லண்டன் பில், அந்த வழி உங்களுக்கு உதவாது. இங்கே விற்ற வியாபாரியைத்தான் இங்கே பிடிக்கலாம். ஆனால் பாகம் விற்க மறுப்பது எனக்கு விளங்கவே இல்லை. சீரியல் நம்பர் எந்த நாட்டில் விற்றதாக இருந்தால் என்ன, அது அவர்கள் செய்த மெஷின்தானே? அவர்கள் வருவதற்கு முன்பே காசு கொடுத்து வாங்கி, பத்துப் பேரிடம் நல்லது சொன்னவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறார்கள்.

நிலாமுற்றம்06

சோல்டர்காரன் அண்ணா, மிக்க நன்றி. எழுதியதைப் பார்த்த அன்றிரவே கழற்றிவிட்டேன். எடுத்துப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது, தலையணை மாதிரி இருந்தது. இதையா இரண்டு கிழமை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது மணல் வாளியில், பின்பக்கத்து நிழலில். மெஷின் சார்ஜரில் ஓடுகிறது, கரண்ட் போனால் செய்த வேலையும் போகும் என்பதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணுகிறேன். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த பழக்கம் இன்னும் விடவில்லை.

அக்காவிடம் பேசினேன். அவர் பெயரில் புதுக் கணக்கு திறந்து பற்றரியை ஓர்டர் பண்ணிவிட்டார், அது 55 வாட்-அவர் (Wh) தான். ஆடிவேல் விழாவுக்கு அத்தானின் அம்மா கொழும்புக்கு வருகிறார், அவர் கையில் வரும். எழுபது வயது மனுஷி என் பற்றரியைச் சுமந்து வர வேண்டியிருக்கிறதே என்பதுதான் கவலை.

இறக்குமதிக்கணக்கு சொன்னதை வைத்துக் கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இந்த முறை சப்போர்டுக்கு அனுப்பவில்லை, நாடுகளைச் சேர்க்கும் பிரிவுக்கே அனுப்பினேன். இரண்டு விஷயம்தான் கேட்டேன். நாடு மாறினாலும் பழைய முகவரிக்குப் பாகம் வாங்க விடுங்கள். ஏஜென்ட் விற்ற மெஷினா என்று பார்க்காமல் உங்கள் மெஷின் எதுவென்றாலும் காசுக்குப் பாகம் கொடுக்கச் சொல்லுங்கள். இதே கொம்பனியின் மெஷின் வைத்திருப்பவர்கள் தனிமடலில் வாருங்கள், கடிதத்தை அனுப்புகிறேன், உங்கள் பெயரிலும் போடலாம்.

தெஹிவளைசந்தி

எந்தக் கொம்பனி என்று எனக்கு விளங்கிவிட்டது, என்னிடமும் அதே மொடல், மெல்பேணில் இருந்து வந்தது. பற்றரி இன்னும் ஊதவில்லை, ஆனால் இதை வாசித்த பிறகு சார்ஜ் லிமிட்டை 80 இல் வைத்துவிட்டேன். கடிதத்தை அனுப்புங்கள், நாளைக்கே போடுகிறேன். ஆடிவேல் வரைக்கும் அவசர வேலை ஏதாவது வந்தால் என்னுடைய பற்றரியை இரண்டு நாளைக்குக் கழற்றித் தரலாம், எனக்கு ஒஃபிஸ் மெஷின் இருக்கிறது.

சோல்டர்காரன்

நல்ல காரியம். தங்கச்சி, அந்த அம்மாவிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். பற்றரி வந்த பெட்டியிலேயே இருக்கட்டும், இணைப்பு முனையில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். கட்டாயம் கைப்பையில்தான், சூட்கேஸில் போட்டுக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். 55 வாட்-அவர் (Wh) என்று அச்சடித்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள், செக்கிங்கில் கேட்டால் காட்டலாம். வந்ததும் எழுதுங்கள், பூட்டும்போது நான் ஒன்லைனில் இருக்கிறேன்.