நகல் கடையில் என் மனைவி

சயான் வாசி:
குடித்தனக்காரர் விவரத்தைப் போலீஸில் பதிவுசெய்யும் சடங்கு மும்பைக்காரர்களுக்குத் தெரியும். தரகர் எங்கள் ஆதார் நகல்களையும் புகைப்படங்களையும் வாங்கிப் போனார். மூன்று வாரம் கழித்து, மகளின் பள்ளிப் படிவத்தை நகலெடுக்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு 14 ரூபாய் என்று கணக்கு எழுதினார். மறுபக்கத்தில் என் மனைவி! கன்னத்தின்மேல் தேநீர்க் குவளையின் வட்டம். கீழே 12 இலக்கமும் பளிச்சென்று. "ரத்திதானே அண்ணா" என்றார், பழைய காகிதம்தானே என்கிற மாதிரி. அந்தத் தாளை இன்னும் கிழிக்க மனம் வரவில்லை.

செம்பூர் கிழவன்:
ஒரு தாளுக்கு இத்தனை வருத்தமா, தம்பி? 2008 நவம்பர் 26, மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்த இரவு, நான் சிஎஸ்டி ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருந்தேன். பின்வாசல் வழியாக வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். ஒரு கால் செருப்பு அங்கேயே போயிற்று. கொலைகாரர்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கட்டளைகளைப் போலீஸ் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்ததால்தானே அது வழக்கில் சான்றானது? என் அந்தரங்கத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

மாட்டுங்கா வழக்கறிஞர்:
ஐயா, உங்கள் செருப்புக் கதை நெஞ்சை அறுக்கிறது. வாதம் அப்படி இல்லை. அன்று ஒட்டுக்கேட்டது துப்பாக்கியோடு நின்றவர்களை. பள்ளிப் படிவம் நகலெடுக்க வந்தவரை அல்ல. தொலைபேசி ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு வேண்டும், அதை மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பறிப்பதானால் சட்டம் வேண்டும், தேவை வேண்டும், அளவு மீறக்கூடாது. ஆனால் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள்: நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி, அரசு தன் அமைப்புகளுக்கு மொத்தமாக விலக்கு அளித்துக்கொள்ளலாம். கதவுக்குப் பூட்டு, பக்கத்தில் ஜன்னல் திறப்பு!

சயான்காரரே, இனி முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரையே கொடுங்கள். இணையத்தில் இலவசமாக இறக்கலாம். நகலின் குறுக்கே "வாடகைப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். எழுத்து முகத்தின்மேல் ஏறவேண்டும், ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். உங்கள் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்தாதபடி ஆதாரில் கைரேகைப் பூட்டும் போடுங்கள். தரகரிடம் ரசீது கேளுங்கள்...

சயான் வாசி:
ரசீதா? அண்ணாச்சி, தரகர் இப்போது என் தொலைபேசியையே எடுப்பதில்லை. அந்தக் கடையில் இன்னும் ஒரு கட்டுத் தாள் கிடக்கிறது. யார் யாருடைய முகமோ.