‘ஆரச் சுவாச முறைமை’க்குப் பதில் ‘வட்டத்துடிப்பு’?

வணக்கம் அண்ணே,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, கரிம நானோகுழலின் ‘radial breathing mode’ என்ற அதிர்வுக்கு நீங்கள் போன மடலில் தந்த ‘ஆரச் சுவாச முறைமை’யை நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். காரைக்குடிப் பிள்ளைகள் கூச்சப்படாமல் கேட்பார்கள். “குழலுக்குள்ள காத்து போய் வருதா சார்?” என்றாள் ஒரு பெண். சொல் இடறுவது அங்கேதான். கரிம அணுக்களாலான இந்த நுண்ணிய குழலில், இந்த அதிர்வின்போது எதுவும் உள்ளே போய் வருவதில்லை. சுவரிலுள்ள அணுக்கள் எல்லாம் ஒருசேர நடுவை விட்டு விலகி, ஒருசேரத் திரும்புகின்றன. நாடி எழுந்து தணிகிற மாதிரி. அதனால் துடிப்பு.

‘வட்டம்’ என்பதை, குழலை உயரழுத்தத்தில் அமுக்கும்போது நடப்பதை நினைத்துச் சேர்த்தேன். சாயங்காலம் திண்ணையில் கொட்டான் பின்னிக்கொண்டிருந்த ஆச்சியிடம் ஒரு நறுக்கு ஓலை வாங்கி வளையமாகச் சுருட்டினேன். இரண்டு விரலால் அமுக்கினால் நீள்வட்டம், விட்டால் பழையபடி வட்டம். குழலை உயரழுத்தத்தில் வைத்தால் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சுமார் 1.3 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச்சுவர்க் குழல்களின் ராமன் நிறமாலையில் (சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு அணு அதிர்வுகளைக் காட்டும் வரைபடம்) இந்தத் துடிப்பு 180–190 செ.மீ⁻¹ (அதிர்வெண்ணுக்கான அலகு) வாக்கில் ஒரு முகடாகத் தெரியும். விட்டம் பெருத்தால் எண் குறையும். அழுத்தம் ஏற ஏற முகடு மேலே நகரும், கூடவே மங்கும். கட்டாகச் சேர்ந்த குழல்களில் 1.5–2 ஜிகாபாஸ்கல் வாக்கில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 15,000–20,000 மடங்கு ஆகும்போது, மறைந்தே விடுகிறது. வட்டம் குலைந்த பிறகு அணுக்கள் ஒருசேர விலக வழியில்லை. முகட்டைப் பெரிதாக்கிக் காட்டிய, லேசர் நிறத்தோடு குழலுக்கு இருந்த ஒத்திசைவு நழுவுவதும் சேர்ந்துகொள்கிறது. அழுத்தத்தை இறக்கினால் முகடு திரும்ப வருகிறது.

1590 செ.மீ⁻¹ அருகே வருகிற, அணுக்கள் சுவரை ஒட்டிய திசையிலேயே அசைகிற அதிர்வு இன்னும் வெகுதூரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு நீங்கள் சொன்ன ‘தொடுதிசை அதிர்வு’ அருமை, மாற்ற வேண்டாம்.

முதலில் ‘விம்மல்’ என்று நினைத்தேன். கேட்பவருக்கு அழுகைதான் முந்தி வருகிறது, விட்டுவிட்டேன்.

*

தம்பி,

துடிப்பு சரி, மனசில் உட்காருகிறது. ஆனால் ஆரம் போய்விட்டதே? எந்தத் திசையில் அசைவு என்று பெயரிலேயே தெரிய வேண்டாமா? ‘ஆரத்துடிப்பு’ என்று வைத்தால் என்ன?

*

அண்ணே,

அதையும் எழுதிப் பார்த்தேன். நீள்வட்டத்துக்கு ஒரே ஆரம் கிடையாது, வட்டத்துக்குத்தான் உண்டு. வட்டம் துடிக்கிறது என்றாலே ஆரம் கூடிக் குறைகிறது என்பது அதற்குள் வந்துவிடுகிறது. எந்த வடிவம் இருக்கும்வரை இந்த முகடு இருக்கும் என்பதையும் பெயரே சொல்லிவிடும். நசுங்கிய குழலில் மிஞ்சுகிற அதிர்வுகளுக்கு வேறு பெயர் தேடுவோம். பட்டியலில் ‘வட்டத்துடிப்பு’ என்று ஏற்றிவிடட்டுமா?